பழைய காரில் பெரிய இன்ஜின்: உட்காரும், அப்புறம்?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவரிடம் 35 வருடப் பழைய கார் இருக்கிறது. பின்சக்கரம் தள்ளும் வண்டி, 1.3 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜின், நான்கு கியர். இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது, புகை தள்ளுகிறது. வேறொரு காரிலிருந்து கழற்றிய 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் ஒன்று கைக்குக் கிடைக்கிறது. கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு இன்ஜினை மட்டும் மாற்ற முடியுமா, இன்ஜினைத் தாங்கும் பழைய மவுண்ட்டில் உட்காருமா என்று கேட்கிறார். தெரிந்த மெக்கானிக் ஒருவர் “ரெண்டு நாள் வேலை” என்று சொன்னாராம்.

உட்காருமா என்பதுதான் கேள்வியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: 100 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு, அதாவது முறுக்குவிசைக்கு, வடிவமைத்த வண்டிக்குள் 220 நியூட்டன் மீட்டரைக் கொண்டுபோய் வைத்தால் மற்ற உறுப்புகள் என்ன ஆகும்? இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். இன்ஜின் உட்காராமல் கைவிடப்பட்ட வண்டியை மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்த பிறகு கைவிடப்பட்டவைதான் ஏராளம். அதனால் முதல் கேள்விக்கு இரண்டே வரி: அந்தக் காலத்துப் பின்சக்கர வண்டிகளில் பானட்டுக்குள் இடம் தாராளமாக இருக்கும், வெல்டிங் தெரிந்தவர் கையில் மவுண்ட் ஒரு பெரிய விஷயமே இல்லை. பழைய கியர்பாக்ஸோடு மட்டும் வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

உங்கள் வண்டியின் முதல் கியர் விகிதம் 3.6, பின் ஆக்சில் விகிதம் 4.1 என்று வைத்துக்கொள்வோம். அந்த வகை வண்டிகளில் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். பழைய இன்ஜின் முழுமூச்சில் தள்ளினால் ஆக்சிலில் 100 × 3.6 × 4.1, கிட்டத்தட்ட 1,476 நியூட்டன் மீட்டர் வரும். புது இன்ஜினில் அதுவே 3,247. இரண்டு மடங்குக்கு மேல். ஆக்சில் ஒடிந்துவிடும் என்றுதான் தோன்றும், இல்லையா? அங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுக்கு மேல் ஆக்சில் எந்தப் பாரத்தையும் பார்ப்பதில்லை. பின் சக்கரங்கள் மேல் 600 கிலோ, காய்ந்த தாரில் உராய்வு 0.9, சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால், சுமார் 1,590 நியூட்டன் மீட்டர் வந்ததும் டயர் வழுக்க ஆரம்பித்துவிடும். பழைய இன்ஜின் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. புது இன்ஜின் எல்லையைத் தாண்டும், டயர் கீச்சென்று சுற்றும், அவ்வளவுதான். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்கிற வேலையை இங்கே அந்த ஒல்லி டயர் செய்கிறது. பலர் இன்ஜினை மாற்றிய கையோடு அகலமான, பிடிப்பான டயரையும் போட்டுவிட்டு, ஆக்சில் ஷாஃப்ட் ஏன் ஒடிந்தது என்று கேட்பார்கள். ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பியைச் சுற்றி வைத்த கதை அது. கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் வரும் அடி இந்தக் கணக்குக்கு வெளியே. அந்த அடிக்கு எந்த ஆக்சிலும் ஒடியலாம்.

இப்போது கியர்பாக்ஸுக்கு வாருங்கள். முதல் கியரில் டயர் வழுக்கிவிடுவதால் கியர்பாக்ஸ் ஓரளவு தப்பிக்கிறது. மூன்றாவது கியரில் தப்பிக்க முடியாது. விகிதம் 1.4 என்றால் 220 × 1.4 × 4.1, சுமார் 1,263. டயர் வழுக்கும் எல்லைக்குக் கீழே. ஆகவே இன்ஜின் கொடுக்கும் 220 முழுவதும், ஒரு பிசிறு குறையாமல், அந்தப் பழைய பற்கள் வழியாகப் போகிறது. 100-க்கு வெட்டிய பற்கள் அவை. மேடு ஏறும்போதோ லாரியை முந்தும்போதோ மூன்றாவது கியரில் அழுத்திப் பிடிப்போமே, அப்போதுதான் கியர்பாக்ஸ் சாகிறது. சிக்னலில் சீறிக் கிளம்பும்போது அல்ல. நான் பிரித்துப் பார்த்த இப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலும் மூன்றாவது கியரின் பல்லும், கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கும்தான் போயிருந்தன. எத்தனை கிலோமீட்டரில் போகும் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். காலைப் பொறுத்தது. மென்மையாக ஓட்டும் ஒருவரிடம் வருடக்கணக்கில் ஓடியதும் உண்டு, வாரக் கடைசியோடு முடிந்ததும் உண்டு.

ஆகவே இன்ஜினை வாங்கும்போது அதோடு பிறந்த கியர்பாக்ஸையும் சேர்த்து வாங்குங்கள். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பழைய கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங், அதாவது இன்ஜினோடு சேரும் மணி வடிவக் கூடு, அதன் போல்ட் ஓட்டைகளும் புது இன்ஜினின் ஓட்டைகளும் ஒத்துப்போவது லாட்டரி விழுவது மாதிரி. ஒத்துப்போகாவிட்டால் நடுவில் அடாப்டர் பிளேட் என்று ஒரு தட்டு கடைய வேண்டும். லேத்தில் கடைவது சுலபம். மையம் தப்பாமல் கடைவதுதான் வித்தை. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், விலகல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள். மில்லிமீட்டரின் சிறு பங்கைக்கூட அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல், கண்ணால் பார்த்து “சரியா இருக்கு” என்று இறுக்கிய வண்டிகள் சில மாதம் நன்றாக ஓடும். பிறகு கிளட்ச் மிதித்தால் ஒரு முனகல், ஓடும்போது தானாக கியர் கழன்றுகொள்வது, கடைசியில் இன்புட் பேரிங். இரண்டு நாள் வேலை என்று சொன்ன மெக்கானிக்கிடம் டயல் கேஜ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது எடை. சிசியைப் பார்த்து இன்ஜின் தேர்ந்தெடுப்பவர்கள் எடையைக் கேட்பதே இல்லை. இதற்கு என்னிடம் பிடித்தமான உதாரணம் ஒன்று உண்டு, ஒரே காரில் இரண்டு விதமாக நடந்தது. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் 1.8 லிட்டர் வார்ப்பிரும்பு இன்ஜின் இருந்தது. 1967-ல் அதே உடம்பில் 2,912 சிசி, ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்து எம்ஜிசி என்று விட்டார்கள். இன்ஜின் 95 கிலோ அளவுக்குக் கூடுதல் எடை, நீளமும் அதிகம். முன்பக்க சஸ்பென்ஷனையே டார்ஷன் பாருக்கு, அதாவது முறுக்கி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பிக்கு, மாற்ற வேண்டி வந்தது, பானட்டில் புடைப்பு வைக்க வேண்டி வந்தது. இவ்வளவு செய்தும் மூக்கு கனம், திரும்ப மறுக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. 1969-ல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் 1973-ல் அதே எம்ஜிபியில் ரோவரின் 3,528 சிசி வி8 இன்ஜினை வைத்தார்கள். எட்டு சிலிண்டர், ஆனால் அலுமினியம். எடை பழைய நான்கு சிலிண்டர் இரும்பு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்றது. வண்டி ஒழுங்காகத் திரும்பியது. இரண்டு இன்ஜினும் ஏறக்குறைய ஒரே குதிரைத்திறன், 140 சுற்றுவட்டாரம். வித்தியாசம் முழுக்க முன்பக்கம் உட்கார்ந்திருந்த கிலோவில். இதில் இன்னொரு சுவாரஸ்யம்: அந்த வி8-ஐ எம்ஜிபியில் வைத்து முதலில் பெயர் வாங்கியது கம்பெனி அல்ல, கென் காஸ்டெல்லோ என்பவர். அவர் தன் பட்டறையில் செய்து விற்றதைப் பார்த்துத்தான் கம்பெனி இறங்கியது.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். இன்ஜின் இறக்குவதற்கு முன் காரை எடைமேடைக்குக் கொண்டுபோய் முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக எடை எடுத்து எழுதி வையுங்கள். பழைய இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் கழற்றியதும் எடை போடுங்கள். புதியதையும் போடுங்கள். வித்தியாசம் 20, 30 கிலோ என்றால் ஸ்பிரிங்கில் சின்னத் திருத்தத்தோடு முடிந்துவிடும். 80 கிலோவைத் தாண்டினால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் மூன்றையும் பற்றி யோசிக்க வேண்டும். முடிந்தவரை இன்ஜினைப் பின்னால் தள்ளி, ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகடு) ஒட்டி வைப்பது நல்லது. ஆனால் அதற்கும் விலை உண்டு. 1964-ல் வந்த சன்பீம் டைகர் இதற்குச் சாட்சி. சன்பீம் அல்பைன் என்ற சின்ன 1.6 லிட்டர் காருக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர் வி8-ஐ நுழைத்தார்கள். தொழிற்சாலையிலேயே பெயின்ட் அடித்து வந்த ஃபயர்வாலைச் சம்மட்டியால் அடித்து உள்ளே தள்ளித்தான் இன்ஜினை இறக்கினார்கள். ஸ்டீயரிங் பெட்டி இடித்ததால் ரேக் அண்ட் பினியனுக்கு மாற்றினார்கள். பின்கோடி ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற பானட் வழியாகக் கை போகாது. காருக்குள் இருந்து, ஃபயர்வாலில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை வழியாகத்தான் எட்ட வேண்டும். உங்கள் இன்ஜினை மவுண்ட்டில் வெல்டு வைக்கும் முன், ஸ்பார்க் பிளக், ஆயில் ஃபில்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் மூன்றையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். முடியவில்லை என்றால் இடம் தவறு.

இடம் பார்ப்பதற்கு முழு இன்ஜினோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உள்ளே ஒன்றுமில்லாத காலி பிளாக், மேலே ஹெட், கீழே சம்ப் என்ற எண்ணெய்த் தொட்டி, பின்னால் காலி கியர்பாக்ஸ் கூடு, இவ்வளவும் போதும். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, மரக்கட்டை அண்டை கொடுத்து, அப்படி இப்படி நகர்த்தலாம். முதலில் இடிப்பது சம்ப்தான். சில இன்ஜின்களில் எண்ணெய்க் குழி முன்பக்கம், சிலவற்றில் பின்பக்கம். உங்கள் காரில் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எங்கே இருக்கிறதோ, அங்கே குழி வந்தால் இன்ஜின் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், பானட் மூடாது. சம்ப்பை வெட்டி மாற்றலாம். ஆனால் வெட்டினால் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் கூடவே மாற்ற வேண்டும், உள்ளே தடுப்புத் தகடும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடிக்கும். பேரிங் போக அரை நிமிடம் போதும். மேல்பக்க இடைவெளிக்கு ஒரு பழைய தந்திரம்: குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி இன்ஜினின் உயரமான இடத்தில் வைத்து பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். தட்டையான களிமண் எவ்வளவு தடிமனாக மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் இடைவெளி. எனக்கு 20 மில்லிமீட்டராவது வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் சாய்ந்து நிமிரும். அது ஆட இடம் வேண்டும் அல்லவா.

அந்தச் சமயத்திலேயே கோணத்தையும் பார்த்துவிட வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் பின்னோக்கி மூன்று டிகிரி சரிந்திருந்தால், பின் ஆக்சிலின் மூக்கு அதே மூன்று டிகிரி எதிர்ப்பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் இணைகோடுகள் மாதிரி. ஒரு டிகிரிக்கு மேல் விலகினால், கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட்டுகள் ஒன்றை ஒன்று சமன் செய்யாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை ஒரு குலுக்கல். 60 கிலோமீட்டர் வேகத்தில் தெரியாது, 90-ல் சீட்டுக்கு அடியில் தேனீக்கூடு வைத்த மாதிரி இருக்கும். டயர் பேலன்ஸ் செய்து, வீல் பேரிங் மாற்றி, கடைசியில்தான் இதைக் கண்டுபிடிப்பார்கள். வண்டி தரையில், தன் பாரத்தில் நிற்கும்போதுதான் இதை அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் தப்பான எண் கிடைக்கும்.

ரேடியேட்டர் பற்றிப் பொதுவாக ஒரு பயம் உண்டு: பெரிய இன்ஜின் என்றால் எப்போதும் அதிகச் சூடு என்று. பாதி உண்மைதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போக உங்கள் காருக்கு வேண்டிய சக்தி எந்த இன்ஜின் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் தண்ணீருக்குள் இறங்கும் வெப்பமும் பெரிதாக மாறாது. பெட்ரோலின் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வேலையாகிறது, ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது, ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. நீங்கள் இரண்டு மடங்கு சக்தியைக் கேட்கும்போதுதான் ரேடியேட்டரும் இரண்டு மடங்கு வேலை செய்யும். மேடு, முழு லோடு, அங்கேதான் பழைய ரேடியேட்டர் தோற்கும். இன்னொரு இடம் நெரிசல். சும்மா நிற்கும்போது பெரிய இன்ஜின் சின்ன இன்ஜினைவிட அதிகம் எரிக்கும், முகத்தில் காற்றும் இருக்காது. அங்கே ரேடியேட்டரின் பரப்பைவிட ஃபேனும், ஃபேனைச் சுற்றிய கூடும்தான் முக்கியம். கூடு இல்லாத ஃபேன் பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் இன்ஜினையே காவு வாங்கக்கூடியது. புது இன்ஜினின் ஹெட் உங்கள் ரேடியேட்டரின் வாயைவிட உயரத்தில் இருந்தால், காற்று ஹெட்டில் தங்கிவிடும். சென்சார் தண்ணீரில் இல்லாமல் நீராவியில் நிற்கும். டெம்பரேச்சர் முள் சாதுவாகப் பாதியில் நிற்க, ஹெட் வளைந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் தனியாக ஒரு ஹெடர் டேங்க் வைத்தால் தீர்ந்தது.

பிரேக் விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. வேகம் 90-லிருந்து 120-க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.78 மடங்கு, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அத்தனையும் டிரம்மில் சூடாகத்தான் இறங்க வேண்டும். 1961-ல் மினி கூப்பர் வந்தபோது இன்ஜின் 848 சிசியிலிருந்து 997-க்குத்தான் ஏறியது, 34 குதிரைத்திறன் 55 ஆனது. அந்தச் சின்ன ஏற்றத்துக்கே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். நீங்கள் இரண்டு மடங்கு ஏற்றப் போகிறீர்கள். அதே கம்பெனியின் பெரிய மாடலில் இருந்து முன் டிஸ்க் செட், அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டர் இரண்டையும் சேர்த்தே எடுங்கள். காலிப்பர் பெரிதாகி மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் தரைவரை போகும். பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் இன்ஜினில் மேனிஃபோல்டில் இருந்து கிடைக்கும். யாராவது மனதை மாற்றி டீசல் இன்ஜின் பக்கம் இழுத்தால் அதில் அந்த வெற்றிடம் இல்லை, தனிப் பம்ப் வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய் மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் போனால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். டாட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய எண்ணெய்க்கு 155 டிகிரிக்குத்தான் உத்தரவாதம். கொதித்தால் குமிழி, குமிழி என்றால் காலுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

பெட்ரோல் லைன், வயரிங் இரண்டும் நேரத்தைத் தின்னும் வேலைகள், சிரமமானவை என்று சொல்ல மாட்டேன். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் 0.3 பார் அளவு அழுத்தத்தில் போனால் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு மூன்று பார் சுமார் வேண்டும், பத்து மடங்கு. பழைய ரப்பர் குழாயும் சாதாரண கிளிப்பும் அதைத் தாங்காது, சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேல் பெட்ரோல் பீய்ச்சும். குழாய், கிளிப் எல்லாம் இன்ஜெக்‌ஷனுக்கென்று வருவதை வாங்குங்கள். பல இன்ஜின்களுக்குத் திரும்பி வரும் லைனும் தேவை, டேங்கில் அதற்கும் வழி வேண்டும். வயரிங்கைப் பொறுத்தவரை, இன்ஜினைக் கொடுக்கும் வண்டி முழுதாக நிற்கும்போதே போய்விடுங்கள். ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), சாவி, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு), ஆக்சிலரேட்டர் பெடல் உட்பட வயர் கட்டு முழுவதையும், ஒன்றைக்கூட வெட்டாமல், ஒவ்வொரு முனையிலும் டேப் ஒட்டி எழுதி எடுத்து வாருங்கள். “ஈசியூ அப்புறம் வாங்கிக்கலாம்” என்றால் இம்மொபிலைசர் உங்களைத் தெருவில் நிறுத்திவிடும்.

எர்த் வயர் பற்றி மட்டும் என் சொந்த அனுபவம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு இன்ஜின் மாற்றினேன். எல்லாம் முடிந்தது, சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சோம்பலாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. பேட்டரி பலவீனம் என்று இன்னொரு பேட்டரியை இணைத்து மறுபடி திருப்பினேன். ஆக்சிலரேட்டர் கேபிளின் மேல் உறையில் இருந்து நூலாகப் புகை எழுந்தது. பெடலை அழுத்தினால் நகரவில்லை, கேபிள் உறையோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. விஷயம் என்னவென்றால், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் அந்தப் பின்னல் எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறேன். இன்ஜின் நாலு பக்கமும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஸ்டார்ட்டருக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக வழி தேடி, கிடைத்த ஒரே உலோகத் தொடர்பான அந்த மெல்லிய கேபிள் வழியாகப் பாய்ந்திருக்கிறது. நல்லவேளை, ஆக்சிலரேட்டர் மூடிய நிலையில் ஒட்டியது. அன்றிலிருந்து பேட்டரி டெர்மினலைத் தொடும் முன் எர்த் பட்டையைக் கையால் இழுத்துப் பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை.

கியர்பாக்ஸ் மாறுவதால் வரும் இன்னொரு வம்பு ஸ்பீடோமீட்டர். 2.4 லிட்டர் இன்ஜினுக்கு 4.1 ஆக்சில் தேவையில்லை. நேர் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல் கத்தும். 3.5 விகித ஆக்சில் போட்டால் அது 3,100-க்கு இறங்கும், ஓட்டவும் சுகம், எரிபொருளும் மிச்சம். ஆனால் பழைய கார்களின் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டில் இருந்து வருகிறது. ஆக்சிலை மட்டும் மாற்றினால் நீங்கள் உண்மையில் 100-ல் போகும்போது முள் 85 காட்டும். ஏற்கெனவே வேகம் கூடிய காரில் குறைத்துக் காட்டும் மீட்டர் வேண்டவே வேண்டாம். ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

சேசிஸ் விஷயத்தில் தூரத்தில் இருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏணி மாதிரி தனிச் சட்டம் உள்ள லேடர் சேசிஸ் என்றால் எனக்குக் கவலை குறைவு. தனிச் சட்டமின்றி உடம்பே பாரம் தாங்கும் மோனோகாக் என்றால் முன் சட்டங்கள், கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டம் போல்ட் ஆகும் இடம், பின் ஸ்பிரிங் கண் இருக்கும் இடம் மூன்றையும் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் துரு பொரிந்திருந்தால் இன்ஜின் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் வெட்டித் தையுங்கள். துருப் பிடிக்காத உடம்பு கூட கூடுதல் முறுக்கில் எத்தனை காலம் தாங்கும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வழியில்லை. மாற்றிய பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த இடங்களில் விரிசலைத் தேடுவதுதான் ஒரே வழி.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஆனால் வரிசை ஒன்றுதான்: முதலில் அனுமதி, பிறகு ஸ்பேனர். பதிவு ஆவணத்தில் இன்ஜின் எண், சிசி இருக்கும் இடங்களில் அதை மாற்றி எழுதாவிட்டால் வண்டி காகிதத்தில் வேறு வண்டி. கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் இன்ஜின் காரைவிடப் பழையதாக இருக்கக்கூடாது, புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் அனைத்தும் இன்ஜினோடு கூடவே வர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் பானட்டைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இந்த வேலை அப்படித்தான். இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது என்பது காரணமே இல்லை. என்னைக் கேட்டால், 2.4-ஐ ஒரு பக்கம் வைத்துவிட்டு உங்கள் 1.3-இன் குடும்பத்திலேயே பெரிய அண்ணன் இருக்கிறதா என்று பாருங்கள். கார்க் கம்பெனிகள் ஒரே பிளாக்கை வைத்துப் பல சிசி செய்வது வழக்கம். பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஏ-சீரிஸ் இன்ஜின் 1951-ல் 803 சிசியில் ஆரம்பித்து 1,275 வரை போனது. அப்படி 1.6-ஓ 1.8-ஓ இருந்தால் மவுண்ட், பெல் ஹவுசிங், சம்ப் இவற்றில் பெரும்பகுதி அப்படியே பொருந்த வாய்ப்புண்டு. டார்க் 130, 140-க்குள் நிற்கும். அது கியர்பாக்ஸ் மன்னிக்கக்கூடிய அளவு. பிரேக் மட்டும் மாற்றினால் ஒரு சந்தோஷமான கார் கிடைக்கும். 2.4 தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன். நானும் அந்த அடத்தில் இரண்டு கார் செய்தவன்தான். ஒன்று இன்னும் ஓடுகிறது. ஆனால் இரண்டு நாள் அல்ல, ஓய்வு நேரத்தில் செய்தால் பல மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள்: 2.4-இன் சம்ப் குழி முன்னாலா பின்னாலா, அதன் கியர்பாக்ஸோடு சேர்த்து எடை எவ்வளவு, உங்கள் காரின் முன் குறுக்குச் சட்டம் ஃபயர்வாலில் இருந்து எத்தனை சென்டிமீட்டர். மவுண்ட் எங்கே வெல்டு வைப்பது என்பதை அந்த மூன்று பதிலும் வந்த பிறகு பேசலாம்.